வாயை முகர்ந்து பார்க்கும் ஆடுகள்

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் கிடையாது. "ஏட்டி" என்று கூப்பிட்டால் வரும். என் கணவர் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்பதால், வாசலில் நின்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால் அடுப்படியிலிருந்து நானும் வேப்பமரத்தடியிலிருந்து அதுவும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்போம். "உன்னை இல்லட்டி, அதை" என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான் என்று என் மாமியாரிடம் சொன்னால், "நாயாவது கூப்பிட்ட உடனே வருது தாயி" என்பார். அந்த வீட்டில் எனக்கு ஆதரவு எந்த லட்சணத்தில் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். என் கணவர் வெள்ளாடு வளர்க்கிறார். மழை இருந்தால் மிளகாயும் போடுவார். நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறேன். ஆபீஸ் என்றதும் நாற்காலி மேஜையை நினைக்க வேண்டாம், தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். தீக்குச்சி மருந்து வாடையோடு சாயங்காலம் பஸ் ஏறி வீடு வந்தால், தெருமுனையிலேயே அது வந்து என் கையை முகரும். ஆடு, நாய், மனுஷர் எல்லாருமே அந்த வீட்டில் வாடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

அது வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிற என் கொழுந்தனார் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாய் குட்டி போட்டிருந்தது. ஒல்லி உடம்பு, நீளக் கால், கூர்மூஞ்சி, முயல் விரட்டுவதற்கென்றே பிறந்த சாதி. குட்டிகள் கண் திறக்குமுன்னே தாய் மெயின் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. மிஞ்சிய ஒரு குட்டியை அவர் சட்டைக்குள் போட்டு பைக்கில் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். அது ஒரு மார்கழிக் காலை. அன்றைக்கு விடியும்போதுதான் எங்கள் பால்கன்னி ஆடு இரட்டைக்குட்டி ஈன்றிருந்தது. கறுத்த உடம்பு, முகத்தில் கண்ணை ஒட்டி இரண்டு வெள்ளைக் கோடு உள்ள ஆட்டுக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். இரண்டில் ஒரு கிடாக்குட்டி பிழைத்தது. மற்றது மூச்சே விடவில்லை.

ஆடு வளர்க்கிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குட்டி செத்த தாயிடம் தாயில்லாத வேறு குட்டியைக் கொண்டுபோய் விட்டால் முட்டித் தள்ளும். செத்த குட்டியின் தோலை உரித்து, அந்த அநாதைக் குட்டியின் மேல் சட்டை போலப் போர்த்திக் கட்டிவிட்டால், முகர்ந்து பார்த்துத் தன் பிள்ளை என்று நம்பி மடி கொடுக்கும். ஆட்டுக்கு ஆட்டுக்குட்டி, அது எல்லாரும் செய்வதுதான். நாய்க்குட்டிக்கு யார் கட்டினார்கள்? "கட்டித்தான் பாப்போமே, நம்ம சொத்தா போவுது?" என்று என் மாமியார் சொன்னார். "கூத்தால்லா இருக்கு" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் கட்டினேன்.

அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஈரம் காயாத ஆட்டுத்தோலுக்குள்ளிருந்து நாய்க்குட்டியின் மூஞ்சி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. செத்த குட்டியின் இரண்டு காதும் அதன் காதுக்கு மேலே தொங்கின. பால்கன்னி வெகுநேரம் முகர்ந்தது. பிறகு தொண்டைக்குள்ளேயே மெல்ல முனகியது. குட்டி போட்ட ஆடு தன் குட்டியை மட்டும் கூப்பிடுகிற குரல் அது; வேறு எதற்கும் அந்தக் குரல் வராது. நாய்க்குட்டி தவழ்ந்துபோய் மடியைப் பிடித்துக்கொண்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்த ஆடு தோலை நக்கிக்கொண்டே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

சில நாளில் தோலை அவிழ்த்து எறிந்தோம். ஆடு கண்டுகொள்ளவில்லை. ஒரு பக்கம் கிடாக்குட்டி, ஒரு பக்கம் நாய்க்குட்டி என்று இரண்டுக்கும் பால் கொடுத்தது. இரண்டும் ஒன்றாகவே படுக்கும், ஒன்றாகவே துள்ளும். கிடாக்குட்டி ஒருநாள் வேலிக்கம்பியில் மாட்டி இடது காதைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, நான்தான் தையல் ஊசியும் வெள்ளை நூலும் வைத்துத் தைத்தேன். தைத்து முடிக்கும்வரை நாய்க்குட்டி என் பாவாடையைப் பல்லால் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. காது ஒட்டிவிட்டது. ஒரு தடிப்பு மட்டும் நின்றுபோனது.

சித்திரை வெயிலில் ஏட்டிக்குச் சீக்கு வந்தது. கம்பங்கூழும் மோர்ச்சோறும் தின்று வளர்ந்த நாய், எங்கள் பக்கத்து நாய்கள் எல்லாம் அப்படித்தான். ஆனால் இதற்கு வயிறு நிற்கவே இல்லை. முதுகில் முடி கொட்டி வட்ட வட்டமாகத் தோல் தெரிந்தது. இரவும் பகலும் சொறிந்து ரத்தம் வந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், பொடி கொடுத்தார்கள், ஒரு வாரம் அடங்கி மறுபடி ஆரம்பித்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். வாலைக்கூட ஆட்டச் சீவன் இல்லாமல் கிடந்தது.

மதுரையில் இருக்கிற என் தங்கை நாய்ப் பைத்தியம். அவள் வீட்டில் மெத்தையில் படுக்கிற நாய் ஒன்று உண்டு. போனில் ஏட்டியைக் காட்டினேன். "அக்கா, கூழ் குடுத்தா அதுக்கு எப்படிச் செரிக்கும்? பச்சைக்கறிக்கு மாத்து. வேகவைக்காதே. எலும்போட, அப்படியே குடு" என்றாள். அதற்குமேல் வீடியோ வீடியோவாக அனுப்பித் தள்ளினாள்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் குதித்தார். "பச்சை ரத்தம் பழகின நாயை ஆட்டுப் பட்டிக்குள்ள படுக்கப் போடவா? புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"நாயி கறி திங்காம கத்தரிக்காயா திங்கும்? வயித்துக்கு ஒத்துக்கிட்டா குடுக்கட்டும்ல" என்று என் மாமியார் எனக்காகப் பேசியது அதிசயம். அன்றைக்கு மழை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

என் கணவர் பயந்ததில் காரணம் இல்லாமல் இல்லை. ஆட்டைக் கடித்த நாயை எங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொருவருக்குக் கொடுக்கவும் மாட்டார்கள், அங்கேயும் ஆடு இருக்குமே. போன கோடையில் பக்கத்து ஊரில் அப்படி ஒரு நாயை முள் உடைமரத்தில் கட்டித் தொங்கவிட்டதை நானே பஸ்ஸிலிருந்து பார்த்தேன். "இங்க பாரு, ஒரு குட்டி மேல அது பல்லு பட்டா, அன்னைக்குச் சாயங்காலமே கயிறுதான். பொறகு அழுது பிரயோசனமில்ல" என்று என் கணவர் சொன்னார். பேச்சுக்குச் சொல்கிறவர் இல்லை அவர். ஆனாலும் சொறிந்து சொறிந்து சாகிறதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஆரம்பித்துவிட்டேன்.

கோழியில் தொடங்கினேன். ஒரு வேளை பட்டினி போட்டு, மறுநாள் கோழிக் கழுத்தைக் கல்லில் நசுக்கிக் கொஞ்சமாக வைத்தேன். முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. 'இது எனக்கா?' என்கிற பார்வை. பிறகு ஒரே வாயில் போனது. கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். முதல் வாரம் வயிறு இன்னும் மோசமானது. தெருவெல்லாம் நான் மண் அள்ளிப் போட்டுக்கொண்டு நடந்தேன். அவித்த பூசணிக்காய் பிசைந்து கொடுத்ததும் நின்றது. கழுத்து, இறக்கைத்துண்டு, கொஞ்சம் ஈரல், வாரம் ஒரு முட்டை ஓட்டோடு. என் மாமியார் பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாவு எது, மாமிசம் எதுன்னு எழுதி ஒட்டு தாயி" என்பார்.

வைகாசி முடியும்போது ஏட்டி வேறு நாய். முடி முளைத்துப் பளபளவென்று இருந்தது. பல் வெள்ளை வெளேரென்று ஆனது. எலும்பு தின்கிற நாய்க்குப் பீ சிறுத்து, காய்ந்ததும் சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிர்ந்துவிடும், அள்ளுகிற வேலையும் மிச்சம். என் கணவர்கூட ஒருநாள் அதன் முதுகைத் தடவிவிட்டு, நான் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார். ஆடுகளுக்கு அதுவரைக்கும் ஏட்டி பழைய ஏட்டிதான். பட்டிக்குள் போகும், பால்கன்னியின் பக்கத்தில் படுக்கும், குட்டிகள் அதன்மேல் ஏறி மிதிக்கும்.

ஆனியில் எட்டயபுரம் சந்தைக்குக் கிடாக்குட்டிகளை ஏற்றிவிட்டோம். வருஷா வருஷம் நடக்கிறதுதான். லோடு ஆட்டோ வந்து நிற்கும், கிடாக்களைத் தூக்கி உள்ளே போடுவார்கள், தாய் ஆடுகள் கத்திக்கொண்டே ஓடைப்பாலம்வரை பின்னால் ஓடும். பிறகு திரும்பி வந்து மேயும். அந்தமுறை போனவற்றில் பால்கன்னியின் கிடாவும் ஒன்று, காது தைத்த கிடா. ஏட்டி மட்டும் பாலத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தது. நான் வேலை முடிந்து வந்தபோது என்னோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது.

தங்கை மறுபடி போன் செய்தாள். கோழி மட்டும் போதாதாம், வேறு கறியும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். ஆட்டுக்கறியில் கழிவாகப் போவதைக் கேட்டு வாங்கு, முக்கியமாக முடியோடு காது கொடு, குடலைச் சுத்தம் பண்ணும் என்றாள். ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். "ஈரலும் நுரையீரலும் மட்டும் பச்சையா வேண்டாம்மா. அதுல இருக்கிற புழு நாய்க்குப் போயி, நாய்ட்டருந்து ஆட்டுக்கும் உங்களுக்கும் வரும். மத்ததை நல்லா உறையவச்சுக் குடுங்க. பூச்சி மருந்தைத் தவற விடாதீங்க" என்றார். கோவில்பட்டியில் நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் கறிக்கடை வைத்திருக்கிறார். பழக்கமானவர். விஷயத்தைச் சொன்னதும், "ஒங்க வீட்டு நாய்க்கு இருக்க யோகம் நமக்கு இல்லக்கா" என்று சிரித்துவிட்டு, காது, தொண்டை, சவ்வு எல்லாம் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்தார்.

முதல் பையைக் கழுவும்போது காதுகளைப் பார்த்தேன். ஆடு வளர்க்கிற வீட்டுக்காரியின் கண் வேறு எங்கே போகும்? மேய்ச்சலில் கலந்துவிட்டால் பிரிப்பதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காதுவெட்டு உண்டு. எங்களுடையது இடது காதின் நுனியில் மீன்வால் மாதிரி ஒரு வெட்டும், அதற்குக் கீழே ஒரு ஓட்டையும். பையில் இருந்ததில் ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வீட்டு வெட்டு. அவர் மனைவியும் நானும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையை எங்கேயோ வைத்துப் பார்த்த மாதிரி சங்கடமாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் காதுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பையோடு ஃப்ரீசரில் வைப்பேன், கட்டியாக எடுத்துச் சட்டியில் போட்டு உருகவிடுவேன், சட்டியை அப்படியே ஏட்டியின் முன்னால் தள்ளுவேன்.

ஆட்டுக்கறி தின்ன முதல் நாளே சாயங்காலம் அது ஆரம்பித்தது.

ஆடுகள் மேய்ச்சல் முடிந்து வந்தன. வழக்கமாகப் பட்டிக்குள் முண்டியடித்துக்கொண்டு ஓடுகிறவை வாசலில் நின்றுவிட்டன. அசை போடுகிற தாடைகள்கூட நின்றன. ஏட்டி பட்டி வாசலில் உட்கார்ந்திருந்தது. ஒரு தாய் ஆடு மெல்ல முன்னால் வந்து, அதன் வாயில் மூக்கை வைத்து முகர்ந்தது. வெகுநேரம் முகர்ந்தது. பிறகு விலகி உள்ளே போனது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது. ஒன்றையொன்று முட்டவில்லை, தள்ளவில்லை. ஏட்டி வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ஏ தாயி, இங்கன வந்து பாரு" என்று என் மாமியார் கூப்பிட்டார். "சாமியாடிகிட்ட அருள்வாக்கு கேக்க நிக்க மாதிரில்லா வரிசையில நிக்குது!" அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ரத்தத்தில் உப்பு இருக்கிறது, ஆட்டுக்கு உப்பு என்றால் உயிர், அதுதான் முகர்கிறது என்று சொன்னேன். அது நியாயமான காரணமாகத்தான் பட்டது.

மறுநாளும் நின்றன. அதற்கு மறுநாளும். பையில் கோழி இருந்த நாள்களில் முதல் ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், மற்றவை வராது. ஆட்டுக்கறி நாள்களில் மட்டும் வரிசை. அதில் சில ஆடுகள் சும்மா முகர்ந்துவிட்டுப் போய்விடும். சில ஆடுகள் முகர்ந்ததும் உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓட, தொண்டைக்குள் முனகும். அதே குரல். காலடியில் குட்டியே இல்லாமல், குட்டியைக் கூப்பிடுகிற குரல். அந்தக் குரல் கேட்டதும் அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி உள்ளே ஓடிவிடுவேன்.

ஏட்டியும் மாறியது. குரைப்பது குறைந்தது. குட்டிகள் அதன்மேல் ஏறி விளையாடுவதில்லை. தாய்கள் நின்ற தூரத்தில் அவையும் நின்றன. மத்தியானமெல்லாம் வெடித்துக் கிடந்த கரிசல் நிலத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, கை நுழைகிற அகலத்துக்கு வாய் பிளந்த அந்த வெடிப்புக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் திரும்பும், வராது. உடம்பு என்னவோ இரும்பு மாதிரி இருந்தது. உடம்பு தேறியதற்குச் சந்தோஷப்படுவதா, இதற்குப் பயப்படுவதா என்று எனக்கே தெரியவில்லை.

என் கணவர் சாப்பாட்டில் கை வைத்தபடி ஒருநாள் சொன்னார்: "ஆடு பயப்படுது. என்னமோ நடக்கப்போவுதுன்னு அதுக்குத் தெரியுது. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்லா?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒரு குட்டி மேல அது கால் வச்சதைப் பாத்தீயளா நீங்க?" என்று கத்தினேன். அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். பேசாமல் இருக்கும்போதுதான் அவரைப் பார்த்து எனக்குப் பயம்.

அது நடந்த அன்றைக்கு எனக்கு லீவு. காலையிலேயே ஒரு பையை எடுத்துத் துவைக்கிற கல்மேல் சட்டியில் உருகவைத்திருந்தேன். சாயங்காலம் வெயில் மஞ்சளாகும் நேரம். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், வாசலில் என் கணவர் "ஏட்டி!" என்று போட்ட சத்தத்தில் கத்தியோடு வெளியே ஓடினேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை.

ஏட்டி பட்டிக்குள் ஆடுகளுக்கு நடுவில் நின்றது. வாயில் ஒரு ஆட்டுக்காது. ரத்தத் தண்ணீர் தாடையில் வழிந்து மார்பில் சொட்டியது. காதை அது மெல்லவில்லை, விழுங்கவில்லை. முட்டையைத் தூக்கிவருகிற மாதிரி பல் படாமல் பிடித்திருந்தது. என் கணவர் போய் அதன் வாயிலிருந்து காதைப் பிடுங்கினார். திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நுனியில் மீன்வால் வெட்டு. கீழே ஓட்டை. எங்கள் வீட்டுக் காது.

"பாத்துக்கோ" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

எனக்கு ஃப்ரீசர் பை, பாய் கடை எதுவுமே அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கள் வெட்டைப் பார்த்ததும் எங்கள் பட்டியைத் தாண்டி யோசனை ஓடவில்லை. கடித்துவிட்டது, பாவி, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் கொடியில் கிடந்த கயிற்றை எடுத்து அதன் கழுத்தில் போட்டு, தோட்டத்து உடைமரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஏட்டி முரண்டு பண்ணவில்லை. கயிறு கட்டி எங்கேயோ கூட்டிப்போகிறார் என்று கூடவே நடந்தது. அதைப் பார்த்ததும் நான் வாய்விட்டு அழுதேன்.

"ஏலே, நில்லு" என்றார் என் மாமியார். "காது போன ஆடு எங்கன கெடக்குன்னு முதல்ல பாரு. ரத்தம் ஒழுகிச் செத்துரும். நாயை என்னவும் பண்ணு, ஆட்டுக்கு மருந்து போடணும்லா."

அது நியாயம்தான். அவர் நாயை மரத்தில் கட்டிவிட்டுத் திரும்பினார். மூன்று பேருமாகப் பட்டிக்குள் போய், ஒவ்வொரு ஆட்டையும் பிடித்து இடது காதைத் தடவிப் பார்த்தோம். ஒரு ஆடும் ஓடவில்லை, திமிறவில்லை. நாங்கள் தொடுவதற்குக் காத்திருந்த மாதிரி வரிசையாக நின்றன. எல்லாக் காதும் இருந்தது. மறுபடி பார்த்தோம். பெரிய ஆடு, சின்னக் குட்டி, ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் இரண்டு காதும் முழுசாக இருந்தன.

"பின்ன இது எதோட காது?" என்றார் என் மாமியார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காது என் கையில் இருந்தது. விரல் தானாகத் தடவியது. நடுவில் நீளமாக ஒரு தடிப்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தோலுக்குள் ஒரு வெள்ளை நூலின் முடிச்சு.

என் தையல் எனக்குத் தெரியாதா? சந்தைக்குப் போன கிடா. எட்டயபுரத்தில் யாரோ வாங்கி, அங்கிருந்து எப்படியோ கோவில்பட்டிக்கு வந்து, பாய் கடைக் கறுப்புப் பையில் ஏறி, என் கையாலேயே பஸ்ஸில் வீடு திரும்பியிருக்கிறது. வேறு எத்தனை காது தின்றும் ஒன்றும் சொல்லாத ஏட்டி, உருகிய சட்டியிலிருந்து இதை மட்டும் தனியே எடுத்து, தின்னாமல், தாயிடம் கொண்டுவந்திருக்கிறது.

"அவுத்து விடுங்க!" என்று நான் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். "அது கடிக்கல. அது கொண்டாந்து குடுக்க வந்துச்சு. அவுத்து விடுங்கன்னு சொல்லுதேன்லா!" நானே ஓடி, முடிச்சு அவிழாமல் இடுப்பில் செருகியிருந்த வெங்காயக் கத்தியால் கயிற்றை அறுத்தேன். என் கணவர் தடுக்கவில்லை. நூல் முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பால்கன்னி எங்கள் பின்னாலேயே வந்திருந்தது. என் கையிலிருந்த காதை முகர்ந்தது. முனகியது. பிறகு நக்க ஆரம்பித்தது, அன்றைக்கு மார்கழியில் தோலை நக்கிய மாதிரியே, பிறந்த குட்டியின் ஈரத்தைத் துடைக்கிற மாதிரியே. கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. காதை நக்கி முடித்து, பக்கத்தில் நின்ற ஏட்டியின் வாயையும் தாடையையும் மார்பையும் சுத்தமாக நக்கியது. ஏட்டி வாயைத் திறந்து காட்டியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஆடுகள் பயந்து நிற்கவில்லை. உப்புக்காகவும் நிற்கவில்லை. தேடியிருக்கின்றன. முகர்ந்ததும் முனகிய ஆடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாமே சந்தைக்குக் கிடா அனுப்பிய தாய்கள். பேசாமல் விலகிப் போனவை, பெட்டைக்குட்டியைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறவை. அந்தப் பைகளில் எங்கள் கிடாக்கள் இன்னும் எத்தனை வந்தனவோ. நான் பார்க்காமல் விட்டதையெல்லாம் அவை முகர்ந்து தெரிந்துகொண்டிருக்கின்றன. சாயங்காலத்துக்குச் சாயங்காலம் அந்த நாயின் வாயில் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன.

காதை வேப்பமரத்தடியில் புதைத்தேன். ஃப்ரீசரில் இருந்த மிச்சத்தையும் புதைத்தேன். பாயிடம் போய் இனி வேண்டாம் என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எல்லா ஆடும் யாரோ ஒருத்தர் வீட்டு ஆடுதானக்கா" என்றார்.

ஏட்டிக்கு மறுபடி கோழி மட்டும். உடம்பு கெடவில்லை, தங்கை சொன்னதில் அந்தப் பாதி சரி. சாயங்காலம் ஆடுகள் வந்து முகர்ந்து பார்ப்பது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பால்கன்னி மட்டும் விடவில்லை. ஆனால் அது எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டோம். ஏட்டி மறுபடி குரைத்தது. குட்டிகள் மேலே ஏறி மிதித்தன. என் கணவர் அதைக் கூப்பிட்டுத் தன் தட்டிலிருந்து சோறு வைப்பார், அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கிற விதம். எனக்கு மனசு லேசானது. பிழைத்துவிட்டது, அது போதும் என்று இருந்தேன்.

தீபாவளிச் சந்தைக்கு மறுபடி லோடு ஆட்டோ வந்தது. ஆட்டை விற்காமல் எப்படிப் பிழைக்க? என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் கிடாக்களைப் பிடித்துப் பிடித்து ஏற்றினார். உள்ளேயிருந்து கிடாக்கள் கத்தின. கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பியது.

தாய் ஆடுகள் ஓடவில்லை. பாலம்வரை என்ன, பட்டி வாசலைக்கூட அவை தாண்டவில்லை. ஒன்றுகூடக் கத்தவில்லை. வண்டி சத்தம் ஓடைப்பக்கம் தேய்ந்து அடங்கும்வரை ஒன்றும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லா ஆடும் தலையைத் திருப்பி வேப்பமரத்தடியில் இருந்த நாயைப் பார்த்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போய் அதன் முன்னால் வரிசையாக நின்றன.

ஏட்டி எழுந்து உட்கார்ந்தது. அவற்றைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பை கொண்டுவருகிறவள் நான்தானே.